எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

சைப்ரஸ் பெண்ட், மிசிசிப்பி
ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் லாவெலுக்கு,

இந்த நாள் வரைக்கும் உன்னையும் உன் முழங்காலையும் காத்து வந்த கர்த்தருக்கு நன்றி சொல்லி அம்மா எழுதுவது.

போன ஞாயிறு மத்தியானம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, ஓப்பலீன் அத்தை, சபை மூப்பர் பெட்டிஸ், ஐந்தாவதாக உன் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடுகிற மலகாய். நாயைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் அதுவும் மேசைக்கு அடியில்தான் கிடந்தது. இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அங்கே பேசியது இந்த ஐந்து பேரைத் தாண்டி ஊருக்குள் போகவில்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜனவரிக்குப் பிறகு நீ போனில் என்னிடம் பேசுவது மூன்றே பேச்சு. நல்லா இருக்கேம்மா, பிள்ளைங்க நல்லா இருக்காங்க, அப்பாகிட்ட குடு. அதோடு, எழுத்தில் செய்த பிழையை எழுத்தில்தான் திருத்த வேண்டும். சபைச் சமையலறைக் கணக்கை இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. உப்புக் குப்பியை நான் ஒளித்து வைக்கிறேன், அவர் கண்டுபிடிக்கிறார், திரும்ப ஒளிக்கிறேன். பின்வாசல் படியைத் தானே சரி செய்தார். முன்பு இடது பக்கம் சாயும், இப்போது வலது பக்கம் சாய்கிறது. தக்காளி நாற்று நட்டாயிற்று. ஓப்பலீன் அத்தைக்குப் புதுப் பல் வரிசை வந்திருக்கிறது. பாட்டுக் குழுவில் அவள் வாயைத் திறந்தால் நடுவில் ஒரு விசில் சத்தமும் சேர்ந்து வருகிறது. போதகர் பொறுமையான மனிதர், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு ஆராதனை தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், வாசலை அடைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். வருகிறவர்களுக்கு விசிறி கொடுக்கும் டாலி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு விசிறி கொடுத்தாள். நம் வரிசைக்கு வந்து உட்கார்ந்தான். பாட்டு தெரியாத இடத்திலும் சத்தம் குறையாமல் பாடினான். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அம்மா, நான் மலகாய். லாவெலுக்குப் பின்னாடி நிக்கிறவன்" என்றான்.

டிவியில் தலைக்கவசத்தோடு பார்த்த ஆள், முகம் எனக்கு எங்கே தெரியும்? டெக்சாஸிலிருந்து ஜார்ஜியாவில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போகிற வழி என்றான். நான் பிறகு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நம் ஊர் அந்த வழியில் இல்லை. ஒன்றரை மணி நேரம் விலகி வர வேண்டும்.

சாப்பிடக் கூப்பிட்டேன். கெளுத்தி மீன் வறுவலும் கீரையும் சோள ரொட்டியும். ஸ்தோத்திரம் சொல்ல அவனையே கேட்டேன். அது என் தப்பு. அவன் டோங்கா தீவுக் குடும்பம் அல்லவா, அவர்கள் ஜெபத்தை அவ்வளவு சீக்கிரம் முடிக்கிறவர்கள் இல்லை போலிருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள், கூரை, கிணறு, நாய் வரைக்கும் ஆசீர்வதித்தான். மீன் ஆறிவிட்டது. ஆனால் ஒன்பது துண்டு சாப்பிட்டான். நான் எண்ணவில்லை, ஓப்பலீன் எண்ணினாள்.

பெட்டிஸைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் முடிவெட்டும் கடையில் கண்ணாடிக்கு மேலே பத்து வருடமாகத் தொங்கிய உன் படம், நீங்கள் தோற்ற ஜனவரி ஆட்டத்துக்கு மறுநாள் ஷாம்பு பாட்டில்களுக்குப் பின்னால் போய்விட்டது. அதை நான் உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் பாதகமில்லை, ஏன் என்று கடைசியில் தெரியும். அவர் மலகாயின் தோளைத் தட்டி, "தம்பி, நீ அன்னைக்கு நல்லாத்தான் ஆடுன. எங்க பையன்தான் பஸ்ஸ விட்டவன் மாதிரி பின்னாலேயே ஓடிட்டுக் கெடந்தான்" என்றார். ஓப்பலீன் அவரை வாயை மூடிக்கொண்டு கீரையைத் தின்னச் சொன்னாள். அப்பா தட்டைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை. கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார், மறைக்க முடியாது: நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம், உன் ஆட்டங்களை நான் எழுதி வைக்கும் புத்தகத்திலும் அதுதான் எழுதியிருந்தது.

மலகாய் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஐயா, அது லாவெலோட ஆள் இல்ல. என்னோட ஆள்."

பெட்டிஸ் சிரித்தார். நாடே டிவியில் பார்த்தது, தான் மட்டும் பதினைந்து தடவை திருப்பித் திருப்பிப் பார்த்ததாகச் சொன்னார். அதற்கு மலகாய் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "டிவில பந்து போன எடந்தான் ஐயா தெரியும். அங்க நிக்க வேண்டியவன் யாரு, ஏன் நிக்கலங்கிறது தெரியாது."

பிறகு மேசையைத் துடைத்து இடம் செய்தான். மிளகுக் குப்பி நீ. ஒரு துண்டு சோள ரொட்டி, எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவன். தன்னை வைக்க ஒன்று வேண்டும் என்று தேடினான். உன் அப்பா சட்டைப் பையிலிருந்து உப்புக் குப்பியை எடுத்து வைத்தார். அதைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசிக்கொண்டேன்.

கடைசி இரண்டு நிமிடம், நீங்கள் நாலு புள்ளி முன்னால். பந்தை அவர்கள் எடுப்பதற்கு முன்னால் நீ தலைக்கவசத்தின் மேல் இரண்டு தட்டு தட்டினாயாம். உங்கள் இரண்டு பேருக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தானாம்: இவன் வெளிப்பக்கம் ஓடினால் எனக்கு, உள்பக்கம் திரும்பினால் விட்டுவிடுவேன், பின்னால் நீ எடுத்துக்கொள். அவன் உள்பக்கம் திரும்பினான். மிளகு நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. உப்பு பின்னால் இருந்திருக்க வேண்டும். உப்பு முன்னால் ஓடிவிட்டது. சோள ரொட்டி காலி மேசையில் தனியாக ஓடிக் கடைசிக் கோடு வரைக்கும் போயிற்று. நீ உன் இடத்தை விட்டு, உன் வேலையே இல்லாத ஓட்டத்தை நாற்பது கஜம் ஓடியிருக்கிறாய். டிவி காட்டியது அந்த ஓட்டத்தை மட்டும்.

நீ தட்டியதை அவன் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தேம்மா. பாத்துட்டுத்தான் போனேன். எனக்கு ஒப்பந்தம் முடியிற வருஷம். வருஷம் பூரா எதிராளி எறிஞ்சதுல ஒரு பந்து புடிக்கல. முன்னாடி ஒன்னு வர்ற மாதிரி இருந்துச்சு, ஆசப்பட்டுட்டேன்."

உடை மாற்றும் அறையில் அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தபோது நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாப்பாவுக்கு எத்தனை மாசம் என்று கேட்டாயாம். நாலு என்றானாம். எழுந்து போய் மைக்குகளுக்கு முன்னால் "அது என் ஆள், என் தப்பு" என்று சொல்லிவிட்டாயாம். கோச் தனியாகக் கேட்டதற்கும், தட்டிக் காட்ட மறந்துவிட்டேன் என்றாயாம். மார்ச் மாதம் மலகாய்க்கு மூன்று வருடத்துக்குப் புது ஒப்பந்தம் கிடைத்தது. உனக்கு ஒரு வருடம், அதுவும் இடம் மாறி, இத்தனை வருடம் நின்ற ஓரத்துக் கார்னர் இடத்தை விட்டுப் பின்னால் நிற்கச் சொல்லி. மே பத்தாம் தேதிக்குள் பதில் வேண்டும் என்கிறார்கள் என்பதும் எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும்.

"நான் வேணாம்னு சொல்லலம்மா," என்றான். "சொல்லியிருக்கணும்." அவ்வளவு பெரிய ஆள், நாப்கினை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். ஓப்பலீன் அவன் தட்டில் பத்தாவது மீனை வைத்தாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது.

மூன்று மாதம் கழித்து ஏன் இப்போது வந்தாய் என்று கேட்டேன். போன வாரம் நீ அவனிடம் ஆட்டத்தை நிறுத்தப்போவதாகச் சொன்னாயாம். சிரித்துக்கொண்டே, எங்கம்மா புத்தகத்தையும் மூடச் சொல்லிட்டேன் என்றாயாம். அப்பாவிடம் நீ சொல்லி அனுப்பிய அதே பேச்சு. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் வண்டியைத் திருப்பியிருக்கிறான்.

அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றான். எடுத்து வந்தேன்.

லாவெல், நீ பள்ளிக்கூட அணியில் சேர்ந்த இரண்டாம் வருடம் அந்த நோட்டை வாங்கினேன். ஆட்டத்தைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது, பந்து உருண்டையாக இருக்காது என்பது மட்டும். நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்தேன். நாலு கோடு போட்டேன்: உன் பக்கம் வந்த பந்து, அவர்கள் பிடித்தது, பிடிக்காமல் விட்டது, நீ பிடித்தது. முதல் மூன்று வாரம் எல்லாக் கட்டமும் வெறுமையாக இருந்தது. நின்னுட்டு வர்றியா, ஆடிட்டு வர்றியா என்று உன்னைத் திட்டினேன். நீ நாற்காலியிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாய். என் பக்கம் எறிய பயப்படுறாங்கம்மா, ஒன்னும் எழுதாத பக்கந்தான் நல்ல பக்கம் என்றாய். அன்றிலிருந்து ஒவ்வொரு வெற்றுக் கட்டத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். பந்து மறுபக்கம் போக வேண்டும் என்று ஜெபிப்பேன். அப்புறம் அந்தப் பக்கம் நிற்கிற கார்னருக்கும் ஒரு தாய் இருப்பாளே என்று நினைத்து, யார் கையிலும் படாமல் தரையில் விழட்டும் என்று மாற்றிக்கொள்வேன்.

எல்லாம் அதில் இருக்கிறது. அணிகள் புது ஆட்களை எடுக்கிற அன்று ஆறாம் சுற்றில், எல்லாரும் தூங்கப் போன பிறகு உன் பெயரைக் கூப்பிட்டது. முதல் முகாமில், ஆட்டப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்து வா என்று வாசலில் ஒருவன் வந்து சொன்னதும், நீ வண்டி நிறுத்துமிடத்திலிருந்து எனக்குப் பேசியதும். அந்தப் பக்கத்தில் "அனுப்பிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு நாள் கழித்து அதன் கீழேயே "வேறு ஊர் கூப்பிட்டது." முழங்காலை அறுத்த வருடம் ஒரு சங்கீதத்தின் எண் மட்டும்தான் இருக்கிறது, வேறு ஒன்றும் எழுத முடியவில்லை. பத்து வருடம் இந்த வேலையில் நிலைத்து நிற்பது லேசில்லை என்று கோச்சுகளே சொல்கிறார்கள். எதிராளி எங்கே போகப்போகிறான் என்று தெரியாமல் பின்னோக்கி ஓடுகிற வேலை.

மலகாய் எண்பத்தேழாம் பக்கத்தைப் படித்தான். ஜனவரி, கடைசி இரண்டு நிமிடம். லாவெலின் ஆள். தலையைத் திருப்பவில்லை. டச்டவுன். தோல்வி. ஒரு பேனா கேட்டான். நான் கொடுக்கவில்லை. என் புத்தகத்தில் என் கைதான் எழுதும், நீ சொல் என்றேன்.

சாயங்காலம் நாலு மணி வரைக்கும் உட்கார்ந்தோம். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. சில சமயம் நீ ஆளைக் காப்பதே இல்லையாம், இடத்தைக் காப்பாயாம். ஆளின் பின்னால் இடத்தை விட்டு ஓடினால்தான் தப்பாம். உன் பக்கத்தில் எவன் பந்தைப் பிடித்தாலும் உன் பேரில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் போனில் அதைப் படித்தும் காட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட நீ, அது என் ஆள் இல்லம்மா என்று சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று மலகாயிடம் கேட்டேன்.

"சொன்னா கூட நிக்கிறவனக் காட்டிக் குடுக்கணுமேம்மா," என்றான்.

அவன் உன் பின்னால் நின்ற நாலு வருடத்தில் உன் பேரில் பிழை என்று நான் எழுதியது நாற்பத்தொன்று. அதில் பதினாறு உன்னுடையது இல்லை. ஒன்பது அவனுடையது, ஏழு மற்றவர்களுடையது. பெயரை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீதி இருபத்தைந்து. நீ காத்தாய் என்று நான் மகிழ்ந்து எழுதியதில் இரண்டு, உண்மையில் நீ ஏமாந்து, எறிந்தவன் கை தவறியதால் தப்பித்தது என்றான். அதையும் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆக இருபத்தேழு. அதற்கு முந்திய ஆறு வருடத்துக்குச் சாட்சி யாரும் இல்லாததால், அந்தப் பக்கங்களின் தலையில் "சரிபார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. போன வருடம் உன் பக்கம் வந்த பந்து ஐம்பத்தெட்டு. அதற்கு முந்திய வருடம் முப்பத்திமூன்று. மலகாய் திருத்திய பிறகும் இந்த எண் மாறவில்லை. பந்தை எறிகிறவர்களுக்கும் கண் இருக்கிறது. உனக்கு ஆகஸ்டில் முப்பத்திமூன்று முடிகிறது. அதனால் ஆடு என்று நான் சொல்ல வரவில்லை. கால் சொன்னால் நிறுத்து. உன் மனைவி ஷெரீஸ் சொன்னால் நிறுத்து. பின்னால் நிற்கிற இடம் உனக்குப் பிடிக்கும் என்று மலகாய் சொல்கிறான், ஆட்டத்தை மொத்தமாகப் பார்க்கிற புத்தி உனக்கு இருக்கிறதாம், அதையும் யோசி. ஆனால் என் புத்தகம் சொன்னதற்காக நிறுத்தாதே. அந்தப் புத்தகம் சொன்னது சரியில்லை.

கோச்சிடம் தானே போய் உண்மையைச் சொல்லப்போவதாக மலகாய் சொன்னான். நான் தள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை. உன்னிடம் முதலில் பேசிவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன். அவன் கூப்பிட்டால் எடு.

ஜனவரியில் தோற்ற அன்று ராத்திரி நீ பேருந்திலிருந்து எனக்குப் பேசியதை நினைத்துப் பார்க்கிறேன். முழங்கால் வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. தலையத் திருப்பியிருந்தா தடுத்திருக்கலாமே, எழுதிட்டேன் என்றேன். நீ சரிம்மா, எழுதிக்கோ என்றாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாத்திரம் கழுவும்போதும் அந்த "எழுதிக்கோ" காதில் கேட்கிறது.

மலகாய் போன பிறகு அப்பாவிடம், உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "தட்டுனது தெரியாது. பையனத் தெரியும்" என்றார். பிறகு தக்காளிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

பெட்டிஸை வேதாகமத்தின் மேல் கை வைக்கச் சொல்லி, வெளியே மூச்சு விட மாட்டேன் என்று வாக்கு வாங்கித்தான் அனுப்பினேன். அந்த மனிதர் எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தது இல்லை. திங்கட்கிழமை கடை வழியாக நடந்தேன். உன் படம் கண்ணாடிக்கு மேலே திரும்ப ஏறியிருக்கிறது, சட்டத்துக்குப் புது மெருகு. முடி வெட்டிக்கொண்டிருந்தவர் என்ன விஷயம் என்று கேட்க, "தூசி தட்டுனேன்ப்பா, அது ஒரு குத்தமா?" என்றார். இன்றோடு மூன்று நாள் ஆகிறது. வாயைத் திறக்கவில்லை. ஓப்பலீன் இதை அற்புதங்களோடு சேர்க்கிறாள்.

எண்பத்தேழாம் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, அழிக்கவும் இல்லை. கணக்கில் அப்படிச் செய்வதில்லை. பழைய வரியின் மேல் ஒரே ஒரு கோடு, படிக்க முடிகிற மாதிரி. பக்கத்தில் தேதி போட்டு இப்படி எழுதினேன்: "லாவெல் தன் இடத்தில் நின்றான். பிழை எழுதியவளுடையது. ஜெ.மே." சாட்சியாக அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மே ஐந்தாம் தேதி ஞாயிறு சபையின் வீடு திரும்பும் விருந்து. ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாரும் வருகிற நாள். போன வருடம் நீ மேசைகளைத் தூக்கிப் போட்டாய், உன் பெண்கள் இரண்டு பேரும் கேக் மேசையை விட்டு நகரவில்லை. மலகாய் மனைவியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிற வழியில் வருகிறான். அவனை மட்டும் மூன்று ஆளாக எழுதியிருக்கிறேன். இதுவரை நூற்றுப் பன்னிரண்டு தட்டு, பென்சிலால். நீ, ஷெரீஸ், பிள்ளைகள் வந்தால் நூற்றுப் பதினாறு. நம் வரிசையில் ஓரத்து இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. கால் நீட்ட உனக்கு அதுதான் வசதி. வெண்ணெய் கேக் நான் செய்கிறேன், உனக்குப் பிடித்தபடி எலுமிச்சைத் தோல் சீவிப் போட்டு.

மே முதல் தேதி புதன்கிழமைக்குள் பேனாவால் எழுதி டாலியிடம் கணக்கைக் கொடுக்க வேண்டும். கர்த்தர் உன் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொள்ளட்டும், முன்னோக்கி வைப்பதையும் பின்னோக்கி வைப்பதையும். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

நூற்றுப் பன்னிரண்டா, நூற்றுப் பதினாறா? சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
ஜெனீவா மேபரி